பயனிலை வராத வாய்

எட்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். அதனால் எங்கள் வீட்டில் காலை ஏழரைக்கு மேல் யாரும் என்னோடு பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். என் கணவருக்கு விவசாயம். கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் மஞ்சள், ஒரு கிணறு.

அன்று நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது அவர் தோட்டத்திலிருந்து வந்து சமையல்கட்டு வாசலில் நின்றார்.

"மோட்டாரு" என்றார்.

"மோட்டாருக்கு என்னாங்க?"

"மோட்டாரு."

"ஓடலையா? காயில் போயிருச்சா? கரண்ட் வரலையா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். வலது கையைத் தூக்க முயன்றது போல இருந்தது. "மோட்டாரு... மோட்டாரு..." என்று மறுபடியும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் பேச்சுக்குப் பேர் போனவர். விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் எழுந்து நின்றால் மைக்கைப் பிடுங்கித்தான் உட்கார வைக்க வேண்டும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவர் பஸ் நேரத்தில் வந்து நின்று ஒற்றைச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பது? "எதுன்னாலும் முழுசாச் சொல்லுங்க, இல்லாட்டி சாயங்காலம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டினேன். பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

முதல் பாடவேளை ஒன்பதாம் வகுப்புக்கு. அது முடியும் நேரத்தில் மகள் போன் செய்தாள். கல்லூரித் தேர்வு முடிந்து அவள் வீட்டில் இருந்த நாட்கள் அவை. "அம்மா, அப்பா கட்டில்ல உக்காந்தவரு சாஞ்சுட்டாரும்மா. வாயி ஒரு பக்கமா இழுக்குது."

தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மதியமாகிவிட்டது. மூளையின் இடப்பக்கம் ரத்தக் குழாய் அடைத்திருந்தது. "முதல் அறிகுறி எப்பம்மா தெரிஞ்சது?" என்று மருத்துவர் கேட்டார். ஏழேமுக்கால் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். என்ன அறிகுறி என்று கேட்டார். "மோட்டாருன்னு சொன்னாருங்க" என்றேன். 

மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஆள் விட்டுப் பார்த்தோம். அன்று அதைப் பற்றி என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை தெரியாது. ஒருவேளை அது மோட்டாரைப் பற்றியே இல்லாமலும் இருந்திருக்கலாம். கைக்குக் கிடைத்த ஒரே சொல்லைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்திருக்கலாம்.

வலது காலும் கையும் விழுந்துவிட்டன. கால் மூன்று மாதத்தில் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை தருமபுரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு ஓசூர்ப் பக்கம். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பாள். அவள் ஒரு கட்டுப் படங்கள் வைத்திருந்தாள். கிணற்றுப் படத்தைக் காட்டினால் இவர் "கெணறு" என்பார். மாடு, ஏணி, குடை, எல்லாம் கொஞ்சம் தாமதமாக, ஆனால் சரியாக வரும். பிறகு ஓர் ஆள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் படத்தைக் காட்டுவாள். இவர் நெற்றி சுருங்கும்.

"ஆளு... கயிறு... தண்ணி."

"ஆளு என்ன பண்றாருங்க ஐயா?"

"ஆளு... தண்ணி... ஆளு."

அந்தப் பெண் என்னிடம் திரும்பி, "நீங்க என்ன வேலை செய்யறீங்கம்மா?" என்று கேட்டாள். தமிழ் டீச்சர் என்றேன். "அப்போ உங்களுக்குச் சொல்றது லேசு. ஐயாவுக்கு எழுவாய் வருது. பயனிலை வரலை. நாம சொல்றது பெரும்பாலும் புரியுது. பொருளோட பேரெல்லாம் இருக்கு. அது என்ன செய்யுது, அதுக்கு என்ன ஆச்சுங்கற சொல்லுதான் கிடைக்க மாட்டேங்குது."

இருபத்திரண்டு வருடங்களாகக் கரும்பலகையில் எழுதிவந்த இரண்டு சொற்களை அன்று முதன்முதலாக யாரோ என்னிடம் சொல்லக் கேட்டது போல இருந்தது.

பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்: யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது எழுவாய். அதைப் பற்றி என்ன சொல்கிறோமோ அது பயனிலை. தமிழில் எழுவாய் இல்லாமல்கூட வாக்கியம் நிற்கும். "வந்தான்" என்றால் போதும். வந்தவன் யார் என்று வினையின் வால் சொல்லிவிடும். அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயரே உண்டு. ஆனால் "மழை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவன் "மழைக்கு என்ன?" என்றுதான் கேட்பான். வெறும் "மழை" உண்மையுமில்லை, பொய்யுமில்லை. "பெய்தது" என்று சேர்த்த பிறகுதான் ஒருவன் ஆமாம் என்று ஒப்புக்கொள்ளவோ இல்லை என்று சண்டைக்கு வரவோ முடியும்.

பாடம் அவ்வளவுதான். தேர்வில் இரண்டு மதிப்பெண். அது ஒரு மனிதரின் உடம்பிலிருந்து கழன்றுபோனால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அவரால் இப்போது யாரோடும் சண்டை போட முடியாது. ஒன்றை மறுக்க முடியாது. பொய்கூடச் சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் வரப்பை வெட்டித் தள்ளிப் போட்டபோது இவர் ஊன்றுகோலோடு போய் நின்று "வரப்பு! வரப்பு!" என்று கத்தினார். அந்த ஆள், "ஆமாங்க மாமா, வரப்புதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் எதிரிலேயே என்னிடம் கேட்பார்கள்: "சாப்பிடறாரா? தூங்கறாரா? ஆளுங்கள அடையாளம் தெரியுதா?" நான் பதில் சொல்வேன். சாப்பிடறாருங்க, தூங்கறாருங்க. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் சுற்றி நின்ற நாங்கள் சொன்னோம். அவர் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அவரிடம் முழுசாக மிச்சமிருந்தது. கரண்ட் போனாலும், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாலும் அவர் வாயில் முன்பெல்லாம் வருகிற வசவு: "நாசமாப் போ." இடது கையால் சாப்பிடும்போது டம்ளர் தவறி விழுந்தால், துளிக் குழறலும் இல்லாமல் பழைய குரலில் அது வந்து விழும். முதல்முறை கேட்டபோது நானும் மகளும் சந்தோஷத்தில் கத்திவிட்டோம். வினைச்சொல் வந்துவிட்டதே! பயிற்சிப் பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவள் தலையசைத்தாள். "அது பேச்சு இல்லீங்கம்மா. பழகிப்போன வசவு, சாமி மந்திரம், ஒண்ணு ரெண்டு எண்றது இதெல்லாம் வேற வழியா வரும். அவரா நினைச்சுச் சொல்றது இல்ல. பதட்டமானா தானா வந்துடும். நம்பாதீங்க."

அவள்தான் எனக்கு இன்னொரு வழியும் சொன்னாள். வினை வராவிட்டால் விடுங்கள், இருப்பதை வைத்து முயலுங்கள் என்றாள். அப்போது எனக்குப் பெயர்ப் பயனிலை நினைவுக்கு வந்தது. தமிழில் இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வாக்கியம் ஆகிவிடும். "இவள் என் மகள்." "அது பொய்." வினையே வேண்டாம். ஒவ்வொரு சாயங்காலமும் பள்ளி விட்டு வந்ததும் அவரோடு உட்காருவேன். காபியைக் கொடுத்து, "காபி எப்படிங்க? சூடா? ஆறலா?" என்பேன். "காபி" என்பார். வாயை அசைத்துக் காட்டுவேன். மறுபடியும் "காபி" என்பார். இரண்டு மாதம் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டில் சோற்றைப் பிசைந்தவர் நிமிர்ந்து, "சோறு... கொழைவு" என்றார்.

நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். அவரே தேடி எடுத்துச் சேர்த்த சொல். என் சமையலைக் குறை சொல்லியிருக்கிறார்! நான் அழ ஆரம்பித்தேன். அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். "கொழைவு" என்று இன்னொரு முறை அழுத்திச் சொன்னார். அதன்பின் "வெயில் ஜாஸ்தி", "மஞ்சள் நஷ்டம்" என்று நாலைந்து வந்தன. அவருக்கு நோய் வந்த பிறகு எங்கள் வீட்டில் நல்ல நாட்கள் என்று சொன்னால் அந்தச் சில வாரங்கள்தான்.

அதற்குள் மகளுக்கு வரன் வந்தது. பாப்பாரப்பட்டிப் பக்கம். பையன் சர்க்கரை ஆலையில் வேலை. பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள், மகளுக்கும் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம், நிச்சயத்தில் மாப்பிள்ளை வீட்டார் சபையில் கேட்பார்கள்: "பொண்ணு குடுக்கறீங்களா?" பெண்ணைப் பெற்றவர் "குடுக்கறேன்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் "எடுத்துக்கறோம்" என்று சொல்லித் தட்டை மாற்றுவார்கள். அந்தச் சொல்லைச் சொல்வதுதான் கொடுப்பது. சொல்லும்வரை பெண் இந்த வீட்டுப் பெண். சொன்னபின் பேச்சு மாறக்கூடாது.

என் கணவரின் அண்ணன் இதை யோசித்தே வந்தார். "ஏம்மா, சபையில நான் சொல்லிடறேன். தம்பி பக்கத்துல உக்காந்திருக்கட்டும். இல்லாட்டி அவன் தலைய ஆட்டட்டும், போதும்."

"இல்லீங்க மாமா. அவரு வாயாலயே சொல்வாரு."

"சொல்ல வருமா?"

"நான் சொல்ல வைக்கறேன்."

பயிற்சிப் பெண்ணிடம் கேட்டதற்கு, "சம்மதம்னு பழக்குங்க. அது பேருதானே, வரும்" என்றாள். அது சரி என்று எனக்கும் தெரியும். "எனக்குச் சம்மதம்" என்றால் முழு வாக்கியம். சபையும் ஏற்றுக்கொண்டிருக்கும். ஆனால் நான் அதை விட்டுவிட்டேன். அவர் "குடுக்கறேன்" என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். பஸ்ஸுக்கு ஓடிய அந்தக் காலையை அந்த ஒரு வினையால் கழுவிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. அப்போது அப்படி யோசிக்கவில்லை. அவருக்காகச் செய்கிறேன் என்றுதான் நம்பினேன்.

ஒரு மாதமும் காலையில், சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமைகளில் முழுநாளும் அதுதான். கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுப்பேன். "எனக்குக் குடுங்க. குடுக்கும்போது சொல்லுங்க. கு..." அவர் பழத்தை நீட்டுவார். "பழம்" என்பார். "பழம் என்ன பண்றீங்க? குடு..." "பழம்." நெற்றியில் வியர்க்கும். மகள் உள்ளே இருந்து, "விடும்மா, பாவம்மா அவரு" என்பாள். மூன்றாவது வாரத்தில் நான் "குடுக்க" என்று தொடங்கினால் அவர் "றேன்" என்று முடித்தார். நிச்சயத்துக்கு நான்கு நாள் முன்னால், நான் வாயை மட்டும் குவித்துக் காட்ட, "குடுக்கறேன்" என்று முழுசாகவே சொன்னார். மறுநாளும் சொன்னார். அண்ணனுக்குப் போன் போட்டு, "வருதுங்க மாமா" என்றேன்.

நிச்சயத்தன்று காலை பத்து மணிக்குள் கூடம் நிரம்பிவிட்டது. பந்தலிலும் ஆட்கள். அவருக்குப் பட்டுக்கரை வேட்டி கட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். நான் தூணோரம், அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றேன். மகள் பச்சைப் பட்டில் அறை வாசலில் நின்றாள். நிச்சய ஓலை எழுதி வாசித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்: "சம்பந்தி, எங்க பையனுக்கு உங்க பொண்ணு குடுக்கறீங்களா?"

"பொண்ணு" என்றார் இவர்.

எல்லோரும் காத்திருந்தார்கள். நான் உதட்டைக் குவித்துக் காட்டினேன்.

"எம் பொண்ணு... பொண்ணு..."

நான்கைந்து பேர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்வை என்மேல் இருந்து அந்தப் போன்களுக்குப் போனது, மகளிடம் போனது, திரும்பி என்னிடம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அண்ணன் குனிந்து காதில், "தலைய ஆட்டுடா, போதும்" என்றார். இவர் அவரை இடது கையால் தள்ளினார். மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"நாசமாப் போ."

கணீரென்று, கலெக்டர் அலுவலகக் குரலில் வந்தது.

 அண்ணன்தான் முதலில் எழுந்து கைகூப்பினார். "வியாதிங்க. அவன் நினைச்சுச் சொன்னது இல்லீங்க. மூளையில அடைப்புங்க, வேற வார்த்தை வராதுங்க." நானும் என்னென்னவோ சொன்னேன். அது பேச்சே அல்ல, வேறு வழியாக வருவது என்று பயிற்சிப் பெண் எனக்குச் சொன்னதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னேன். மாப்பிள்ளையின் தாயார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தெரியுதுங்க டீச்சர். அவரு மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா பெத்தவரு வாயில விழுந்துருச்சே" என்றார்.

தட்டு மாறவில்லை. இலை போட்டிருந்தோம். யாரும் உட்காரவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது, மனசு ஒப்பலைங்க என்று.

நிச்சயத்தன்று ஆட்கள் போன பிறகு பார்த்தால் அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொன்னது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். ஒருமுறை, இரண்டுமுறை, பிறகு விடாமல். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என்னால் பிடிக்க முடியவில்லை, மகளும் வந்து பிடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

அன்று சாயங்காலம் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே மகள் என்னிடம் சொன்னாள், சத்தமில்லாமல்: "நீ அப்பாவுக்காகப் பண்ணலம்மா. உன் பாடத்துக்காகப் பண்ணுன."

 அதை மறுக்க என்னிடம் சொல் இருந்தது, வினை இருந்தது, இலக்கணம் இருந்தது. ஆனால் அது உண்மையா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. சோறு குழைந்தாலும் சொல்லவில்லை. டம்ளரை நானே வேண்டுமென்று தள்ளிவிட்டுப் பார்த்தேன். அந்த வசவுகூட வரவில்லை. பயிற்சிப் பெண் இரண்டு மாதம் முயன்றாள். "பேச முடியாம இல்லீங்கம்மா. பேச மாட்டேங்கறாரு" என்றாள். அதில் எனக்கு ஒரு பிடிப்பு இருந்தது. மாட்டேன் என்கிறவர் ஒருநாள் சரி என்றும் சொல்லலாம் அல்லவா. எட்டு மாதம் கழித்து இரண்டாவது முறை அடைப்பு வந்தது. அதன்பின் அவருக்கு நாங்கள் பேசுவதும் புரிவதாகத் தெரியவில்லை. முடியாதா, மாட்டாரா என்று கேட்பதற்கே அர்த்தம் போய்விட்டது.

நடுவில் ஒரு அரையாண்டுத் தேர்வு. பிரித்து எழுதுக என்ற பகுதியில் "பயனிலை" என்று நானே கேட்டிருந்தேன். பயன் கூட்டல் நிலை என்று எழுத வேண்டும். ஒரு பிள்ளை "பயன் + இலை" என்று எழுதியிருந்தாள். பழந்தமிழில் இலை என்றால் இல்லை என்றும் பொருள்; பயன் இல்லை. சிவப்புப் பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தவறு என்றுதான் போட்டேன்.

மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். மாதம் ஒருமுறை வருவாள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வேறு வரன் பார்க்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை, அவளும் பேச்செடுக்கவில்லை.

போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. கூட வேலை பார்க்கிற பையன், கன்னடம் பேசுகிற குடும்பம், ரிஜிஸ்தர் செய்துகொண்டார்களாம். "சபை வேண்டாம்னு நான்தாம்மா சொன்னேன்" என்றாள். பையன் வரவில்லை. 

அவள் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

அவர் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா. இங்க பாருப்பா. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

வாய் கொஞ்சம் திறந்தது. எச்சில் வழிந்தது. அவள் துடைத்தாள். மூன்றாவது முறை சொல்லவில்லை.

"கேக்குதும்மா அவருக்கு" என்றேன் வாசலில் நின்றபடி.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொன்னேன்.

மூன்று மணி பஸ்ஸுக்கு அவளோடு ரோடு வரை நடந்தேன். வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். அங்கே கால் மணி நேரம் நின்றோம். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக, "மாத்திரை தீரப்போகுது, வாங்கிடு" என்றாள். சரி என்று தலையசைத்தேன். பஸ் போன பிறகு மருந்துக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூடியிருந்தார்கள்.